எதிர்கால வீட்டின் முதல் தாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் தம்பி ஒருவன் லோயர் கேம்ப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் தெருப் பையன்தான். நான் நடத்தும் மாலை வகுப்பில் ஆறாம் வகுப்பிலிருந்து உட்கார்ந்து படித்தவன். கையில் சுருட்டிய சார்ட் தாள் வைத்திருந்தான். கல்லூரியில் ஒரு போட்டியாம். இயற்கை, கட்டடக்கலை, சூரிய மின்சாரம் மூன்றும் சேர்ந்த எதிர்கால வீட்டை வரைய வேண்டும்.

"அக்கா, நெட்ல எல்லாம் பார்த்தேன். எல்லாப் படத்துலயும் வீட்டைச் சுத்தி ஒரு ஏக்கர் புல்லு கெடக்கு. செவரு பூரா கண்ணாடி. மேல பூரா சோலார். நம்ம தெருவுல இதை எங்கக்கா வைக்கிறது?"

முதலில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் கேட்டதற்கு அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் பிள்ளைகள் பலர் இப்போது சிவில், ஆர்க்கிடெக்சர், எலெக்ட்ரிகல் படிக்கிறார்கள். அவர்களும் இதே கேள்வியோடு எங்கோ உட்கார்ந்திருப்பார்கள்.

குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் இறங்கி வந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்து வரும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், பெரிய பெரிய இரும்புக் குழாய்களில் சரிவில் இறங்கி அடிவாரத்து மின்நிலையத்துக்குள் போகிறது. 1950களின் கடைசியில் ஓடத் தொடங்கிய நிலையம் அது. தலா 35 மெகாவாட்டில் நான்கு இயந்திரங்கள், மொத்தம் 140 மெகாவாட் என்ற கணக்கில் அமைத்தார்கள். மின்சாரம் எடுத்த பிறகு அதே தண்ணீர் கீழே போய், லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைவிக்கிறது. தண்ணீரையும் வெளிச்சத்தையும் ஊருக்கெல்லாம் அனுப்புகிற இடத்தில்தான் நான் பிறந்தேன்.

ஆனால் நான் எட்டாவது முடிக்கும்வரை எங்கள் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குதான். மின்நிலையத்து விளக்குகள் ராத்திரி முழுக்க எரிவது குடிசை வாசலில் நின்றாலே தெரியும். எங்களுக்கு லைன் இழுக்கக் கம்பமும் பக்கத்திலேயே இருந்தது. காகிதம்தான் இல்லை. எங்கள் குடிசை இருந்தது அப்பா வேலை பார்த்த ஒருவருடைய நிலத்தின் மூலையில். இணைப்பு கேட்டு மனுப் போட்டால், இடம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடத்துக்காரர் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்றார்கள். அம்மா ஏலக்காட்டு வேலை முடிந்து ஜீப்பில் வந்து இறங்கியதும், கால் கூடக் கழுவாமல் அந்த வீட்டு வாசலுக்குப் போவாள். நான்கு தடவை கூடப் போயிருக்கிறேன். திண்ணைக்குக் கீழேதான் நிற்போம். நான்காவது தடவை அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

"இன்னைக்குக் கரண்டுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுவீக. நாளைக்கு இந்தக் கரண்டு பில்லக் காட்டி இடமே எங்களுதுன்னு நிப்பீக."

அம்மா ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது, "பாத்தியா, அவனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று மட்டும் சொன்னாள். எதைத் தெரிந்திருக்கிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு சமூகவியல் முதுகலையில் ஊரும் சேரியும் பற்றி எவ்வளவோ படித்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் பெரிதாக எதுவும் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. ஒரு பல்பு எரிவதற்கும் இடம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அதை நமக்கு முன்பே அவர்கள் அறிந்திருந்தார்கள்.

தம்பியை மறு வாரம் என் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். பள்ளத்தாக்கில் வடக்கே ஓர் ஊராட்சியில் இருக்கிறது. எதிர்கால வீடு என்று நீ வரையப்போகிற பொருள் ஏற்கெனவே இங்கே கட்டப்பட்டிருக்கிறது, வந்து பார் என்றேன்.

2011இல் தமிழ்நாடு அரசு அறிவித்த பசுமை வீடுகள் திட்டம் பலருக்கு மறந்திருக்கும். முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் என்பது முழுப் பெயர். ஆண்டுக்கு 60,000 வீடுகள், ஐந்து ஆண்டில் 3 லட்சம் வீடுகள் என்பது இலக்கு. ஊராட்சிகளுக்கு மட்டும்தான். எங்கள் லோயர் கேம்ப் கூடலூர் நகராட்சிக்குள் வருவதால் இங்கே கிடையாது. ஒவ்வொரு வீடும் 300 சதுர அடி. ஒரு கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, முன்னால் வராந்தா, மழைநீர் சேகரிப்பு. முதலில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ஒதுக்கினார்கள். அதில் 30,000 ரூபாய் சூரிய விளக்குகளுக்கு. அறைக்கு ஒன்றாக ஐந்து சி.எஃப்.எல். விளக்குகள். வீடுகளில் 29 சதவீதம் பட்டியல் சாதியினருக்கும் 1 சதவீதம் பழங்குடியினருக்கும் என்று ஒதுக்கீடும் இருந்தது. குறை சொல்வதற்கு முன் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழையின் வீட்டில் சூரிய மின்சாரத்தை அலங்காரமாக இல்லாமல், வீட்டின் ஒரு பகுதியாகவே வைத்த திட்டம் அது.

பெரியம்மாவின் வீட்டு மாடியில் பேனல் இன்னும் இருக்கிறது. அதன் இரும்புக் காலில் துணிக்கொடி கட்டியிருக்கிறாள்.

"மூணு நாலு வருசம் நல்லாத்தான் எரிஞ்சுச்சு தாயி. அப்புறம் பேட்டரி ஒக்காந்துருச்சு. புதுசு என்ன வெலைன்னு கேட்டோம். மயக்கமே வந்துருச்சு."

தம்பி உடனே பிடித்துக்கொண்டான். பேனல் 25 ஆண்டுகள் தாங்கும். காரீய அமில பேட்டரி ஐந்து ஆண்டு தாங்கினால் பெரிது. அதற்கும் வடிநீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இரண்டாவது பேட்டரி யார் வாங்குவது என்று திட்டத்தில் யாரும் யோசித்திருக்கவில்லை. யாரும் பெரியம்மாவிடம் வந்து கேட்கவும் இல்லை. வீட்டு வரைபடமும் அப்படித்தான் வந்தது. மாநிலம் முழுக்க ஒரே படம். சமையலறையை, கழிப்பறையை இடம் மாற்றுவது போன்ற சின்ன மாற்றங்களுக்குத்தான் அனுமதி. ராமநாதபுரத்து வெயிலுக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் காற்றுக்கும் ஒரே ஜன்னல்.

"ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உள்ள படுக்க முடியல. சிமெண்டு கூரை பகல்ல குடிச்ச வெயிலையெல்லாம் ராத்திரி கக்குது. குடிசைன்னா குளுகுளுன்னு இருக்கும்."

"அப்போ குடிசைக்கே திரும்பிப் போயிரலாமா பெரியம்மா?"

"போடி கிறுக்கி" என்றாள். "ராத்திரி எவன் குச்சியக் கிழிச்சுப் போடுவானோன்னு படுத்துக் கெடந்தவுக நாங்க."

இந்த ஒரு பதிலை, சுற்றுச்சூழல் கட்டடக்கலை பற்றிப் பேசும் எல்லோரும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிலரங்கில் ஒரு கட்டடக் கலைஞர் மண் சுவரையும் ஓலைக் கூரையையும் அழகழகான படங்களோடு காட்டினார். நம் முன்னோரின் அறிவை சிமெண்டு ஆசையில் இழந்துவிட்டோம் என்று வருந்தினார். அவர் சொன்ன வெப்பக் கணக்கு சரிதான். ஆனால் அந்த 'நாம்' யார் என்று அவர் யோசிக்கவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். ஓலை என்றால் நமக்கு அதுவும் சேர்த்துத்தான் நினைவுக்கு வரும். சேரியில் ஒருவர் காரை வீடு கட்டினால் அது வெறும் சிமெண்டு இல்லை. ஊர் கண்ணுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பது. அதனால்தான் அது உறுத்தவும் செய்கிறது. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி மாவட்டம் நத்தம் காலனியில் தீ வைக்கப்பட்டவற்றில், வெளியூர் போய் உழைத்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகளும் இருந்தன. டி.வி., பீரோ, சான்றிதழ்கள் எல்லாம் எரிந்தன. காங்கிரீட்டும் நம்மை முழுதாகக் காப்பாற்றிவிடவில்லை.

ஆகவே மண் வீடா, சிமெண்டு வீடா என்று நம்மிடம் கேட்பது தவறான கேள்வி. தீப்பிடிக்காத, மரியாதையான, அதே நேரத்தில் ராத்திரி தூங்க முடிகிற வீடு வேண்டும். அப்படி ஒன்று முடியாததும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, தொழுநோயாளிகளுக்கான வேலைக்காக இந்தியா வந்து, இங்கேயே வாழ்ந்து 2007இல் இறந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் சுவரை அவர் பரவலாக்கினார். கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கூரையிலும் அப்படியே. காங்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் பாரத்தைத் தாங்குவது கம்பிதான். அங்கே கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்து வார்த்தால் சிமெண்டும் குறையும், சூடும் குறையும். வெளியிலிருந்து பார்த்தால் அது காரை வீடுதான். பெரியம்மாவின் கௌரவத்துக்கும் குறைவில்லை, தூக்கத்துக்கும் குறைவில்லை.

இவ்வளவும் தம்பிக்குச் சொன்ன பிறகு அவன் உற்சாகமாகிவிட்டான். "அப்போ வரைஞ்சிரலாம்க்கா" என்றான். எங்கே வரைவாய் என்று கேட்டேன். எந்த இடத்தில்?

கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். முல்லைப் பெரியாற்றுக்கான ஒப்பந்தம் 1886இல் கையெழுத்தானது. அணை 1895இல் முடிந்தது. பென்னிகுவிக் பெயரை எங்கள் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும், வைத்திருக்கிறார்கள், கும்பிடுகிறார்கள், லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் இருக்கிறது. அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே சென்னை மாகாண அரசுக்கு இன்னொரு அறிக்கையும் போனது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் எழுதியது. பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனை கூடச் சொந்தமில்லை, மனையைப் பிடுங்குவோம் என்ற மிரட்டலே அவர்களை அடிமையாக வைத்திருக்கிறது என்பது அதில் ஒரு முக்கியமான விஷயம். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணையிலிருந்துதான் பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் மீட்கப் போராடும் நிலத்தின் கதை தொடங்குகிறது. அணைத் தண்ணீர் வந்து சேர்ந்து நூற்று முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மனை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. நமக்கு வீட்டுமனை தருவதற்காகத் தனியார் நிலத்தைக் கையகப்படுத்த 1978ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் இருக்கிறது. பெயரில் 'ஹரிஜன' என்ற பழைய சொல் ஒட்டிக்கொண்டிருந்தாலும் சட்டம் நம்முடையது. பட்டா கொடுத்த படங்களும் ஏராளம். ஆனால் களத்தில் நான் அதிகம் பார்ப்பது கையில் பட்டா, காலடியில் நிலம் இல்லை என்ற நிலைதான். இடத்தை அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். அல்லது பழைய உரிமையாளர் வழக்குப் போட்டிருப்பார். அல்லது கணினிச் சிட்டாவில் பெயர் ஏறியிருக்காது.

இது இல்லாவிட்டால் எதிர்காலத்தின் எந்தத் திட்டமும் நம்மைத் தொடாது. பசுமை வீட்டுக்குப் பயனாளி பெயரில் குறைந்தது 300 சதுர அடிக்குப் பட்டா கேட்டார்கள். 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அதற்கும் சொந்த வீடு, தகுந்த கூரை, மின் இணைப்பு மூன்றும் வேண்டும். அம்மா நின்ற அதே திண்ணைக்குக் கீழேதான் சூரியனும் நம்மை நிறுத்துகிறது.

லோயர் கேம்ப்பை ஒட்டிய பளியன்குடியில் இருக்கும் பளியர் மக்களுக்கு இது இன்னும் கூர்மையானது. இயற்கையோடு இணைந்து வாழ்கிறவர்கள் என்று அவர்களைப் பாராட்டாத பேச்சாளர் இல்லை. அந்த இயற்கையில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று எழுத்தில் சொல்ல 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் நானும் தம்பியும் படத்தை மூன்று சென்ட்டிலிருந்து தொடங்கினோம். கிராமத்தில் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் அளவு அதுதான். கிட்டத்தட்ட 1,300 சதுர அடி. இப்போதைய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி, 3.50 லட்சம் ரூபாய். அந்த அளவையே எடுத்துக்கொண்டால் 940 சதுர அடி மிச்சம். அந்த மிச்சத்தில்தான் இயற்கை வர வேண்டும்.

எங்களுக்கு மேற்கே மலை. சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். ஆகவே பேனலுக்கு மாலை வெயிலை நம்ப முடியாது. தெற்குப் பார்த்து, பத்து டிகிரி சாய்வில் வைத்தால் போதும், மழையே தூசியைக் கழுவிவிடும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாகக் காற்று அறையும். அதற்கு மேற்குச் சுவரில் சின்ன ஜன்னல், எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல். மேற்கு மூலையில் புங்கை, சமையலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழையும் முருங்கையும். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. மாடிப்படி வெளியே. பிறகு பிள்ளைகள் மேலே ஓர் அறை எடுக்கலாம். சிலி நாட்டின் இகிகே நகரில் 2004இல் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு செய்தது இதுதான். அரசுப் பணம் முழு வீட்டுக்குப் போதாது என்றதும், ஒரு குடும்பம் தானாகக் கட்டிக்கொள்ள முடியாத கடினமான பாதியைக் கட்டிக் கொடுத்து, மறுபாதிக்கு இடம் விட்டார்கள். அதைவிட முக்கியம், அந்த மக்களை ஊருக்கு வெளியே துரத்தாமல் அவர்கள் வாழ்ந்த அதே இடத்தில் கட்டினார்கள்.

மின்சாரக் கணக்கை தம்பியே போட்டான். ஒரு கிலோவாட் பேனலுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி கூரை வேண்டும். நாளுக்குச் சராசரி 4 யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 240 யூனிட். எங்கள் தெருவில் பல வீடுகள் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைச் சுற்றியேதான் செலவழிக்கின்றன. அப்படிப் பார்த்தால் வீட்டுக்கு வீடு பேனல் நமக்கு முதல் தேவை இல்லை. சமுதாயக் கூடத்தின் மேல் ஒன்று, அதிலிருந்து படிப்பு மையத்துக்கும் தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்சாரம். பேட்டரி மாற்றுவதற்கென்று மகளிர் குழுக் கணக்கில் மாதம் ஒரு சின்னத் தொகை. பராமரிக்கப் பயிற்சி பெற்ற இரண்டு பெண்கள். பெரியம்மாவின் மாடி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

வரைந்ததை அவளிடமே காட்டினோம். நாங்கள் நினைத்தே பார்க்காத திருத்தங்களைச் சொன்னாள். துணி துவைக்கும் கல்லுக்கு இடம் எங்கே என்றாள். ஏலக்காட்டிலிருந்து வருகிறவள் சேற்றுக் காலோடு உள்ளே நுழையாமல் குளிக்க வழி எங்கே என்றாள். கழிப்பறைக் கதவு அடுப்பைப் பார்த்து இருக்கக் கூடாது என்றாள். கடைசியாக, "வாசலை அகலமாப் போடு சாமி. எங்க மாமியாரைத் தூக்கும்போது பாடையைச் சாய்ச்சுத்தான் எடுத்தோம்" என்றாள். தம்பி மூன்றடிக் கதவை நான்கடியாக்கினான்.

நான் கேட்டது ஒன்றே ஒன்று, ஜன்னல் ஓரம் ஒரு மேசைக்கு இடம். 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்த அம்பேத்கருக்கு, வெளிநாட்டில் படித்து வந்திருந்தும் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒளிந்து தங்கி, கண்டுபிடிக்கப்பட்டுத் துரத்தப்பட்டார். பிற்பாடு பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகத்தில் புத்தகங்களுக்குத்தான் பெரிய இடம். அவர்தான் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக, நாட்டின் மின்சாரத்தையும் பாசனத்தையும் திட்டமிட்டவர். வீடும் வெளிச்சமும் அவருக்குத் தனித்தனிக் கேள்விகளாக இருந்திருக்க முடியாது.

போட்டியில் தம்பிக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவன் கொடுத்த ஆறு தாள்களில் முதல் தாளில் வீடே இல்லை. சர்வே எண், புலப்பட வரைபடம், நான்கு எல்லை, யார் பெயரில் பட்டா, எத்தனை ஆண்டாக அளந்து தரப்படவில்லை, இவ்வளவுதான். இது எதற்கு என்று நடுவர் ஒருவர் கேட்டாராம். "அஸ்திவாரம் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அந்த முதல் தாளை மட்டும் பதினோரு பிரதி எடுத்தோம். பெரியம்மா ஊரில் பட்டா இருந்தும் இடம் காட்டப்படாத பதினோரு குடும்பங்களுக்கு ஒவ்வொன்றையும் நிரப்பி, அளந்து எல்லைக்கல் நடக் கோரி மனுவோடு இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறோம். முப்பது நாள் ஆகிறது. பதில் வரவில்லை. அடுத்து தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் போகிறோம்.

படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். எஃப்.ஐ.ஆர். படிக்கக் கற்றுக்கொண்டது போல, வீட்டு வரைபடமும் சிட்டாவும் புலப்படமும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு டேப் எடுத்துப் போங்கள். உங்கள் தெருவில் எத்தனை பேருக்குப் பட்டா இருக்கிறது, எத்தனை பேருக்கு நிலம் இருக்கிறது என்று இரண்டு பட்டியல் போடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. அந்த வித்தியாசத்தில்தான் நம் வேலை இருக்கிறது.

தம்பி இப்போது வாரா வாரம் பெரியம்மா வீட்டுக்குப் போகிறான். செயலிழந்த பேட்டரிக்குப் பதிலாகச் சின்ன பேட்டரி ஒன்றும் எல்.இ.டி. விளக்கு ஒன்றும் மாட்டிப் பார்க்கிறான். பேனல் இன்னும் மின்சாரம் தருகிறதாம். துணிக்கொடியை மட்டும் அவிழ்க்கப் பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெய் பீம்.